பகல் முழுக்க அந்த நாயோடு இருக்கப்போவது யார்?

காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுக்க நினைக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வாசகிக்கு வயது 37. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். 9 வயதில் மகன், 4 வயதில் மகள். உடன் 71 வயது மாமியார் இருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மூன்றாவது மாடியில் வாடகை வீடு. ஐந்து மாதத்துக்கு முன் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து 40 நாள் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு தடுப்பூசியும் போட்டார்கள். ஊசி போட்ட 12ஆம் நாள் வாந்தி. மறுநாள் ரத்தமாக வயிற்றுப்போக்கு. பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார் மருத்துவர். மூன்றே நாளில் குட்டி இறந்துவிட்டது. "அதை நாங்கள்தான் கொன்றுவிட்டோம் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. காப்பகத்து நாய் ஒன்றுக்கு வாழ்வு கொடுத்தால் மனம் ஆறும் என்று தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறார்.

காப்பகத்துக்கு ஒருமுறை போய் வந்திருக்கிறார்கள். இவர்கள் கேட்டது இரண்டு மாதக் குட்டி. ஊழியர் காட்டியது 5 வயதுப் பெண் நாய். கூண்டின் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்ததாம், குரைக்கவே இல்லையாம். முன்பு என்ன வளர்த்தீர்கள், அது என்னவாயிற்று, பகலில் வீட்டில் யார், வீட்டை வந்து பார்க்கலாமா என்று காப்பகத்தார் கேட்ட கேள்விகள் "குற்றவாளியை விசாரிப்பதுபோல்" இருந்தன என்கிறார். குட்டி இறந்ததைச் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்றும் யோசிக்கிறார். கணவரோ, "ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்கிறார். அடுத்த மாதம் மகனின் பிறந்தநாளன்று வீட்டில் யாருக்கும் சொல்லாமல் நாயைக் கொண்டுவந்து எல்லோரையும் ஆச்சரியப்படுத்துவது திட்டம். "மாமியாருக்கு நாய் என்றால் கொஞ்சம் பயம், பழகினால் சரியாகிவிடும்." மகளுக்கு அவ்வப்போது மூச்சிரைப்பு வரும், முடி குட்டையான நாய் என்றால் பரவாயில்லையா என்றும் கேட்கிறார். இறந்த குட்டியின் படுக்கை, கழுத்துப்பட்டை, கிண்ணம் மூன்றையும் புது நாய்க்காக அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீங்கள் கேட்ட கேள்விகளுக்காக. இரண்டாம் முறை, இதில் யார் பேசவே இல்லை என்று பார்ப்பதற்காக. மகன் பேசுகிறான், கணவர் பேசுகிறார், காப்பகத்து ஊழியர்கூடப் பேசுகிறார். மாமியார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நேரக் கணக்குப்படி, காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை அந்த வீட்டில் இருக்கப்போவது அவரும் நாயும் மட்டும்தான்.

அதற்கு வருகிறேன். அதற்கு முன் இறந்துபோன குட்டியைப் பற்றிப் பேசிவிட வேண்டும். அந்தப் பாரம் இறங்காமல் மற்ற எதையும் உங்களால் நிதானமாக யோசிக்க முடியாது.

அந்தக் குட்டியை நீங்கள் கொல்லவில்லை

குட்டி பிறந்தவுடன் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் நோயெதிர்ப்புச் சக்தி அதற்குக் கொஞ்சம் வந்துசேரும். முதல் சில வாரங்கள் குட்டியைக் காப்பது அதுதான். சிக்கல் என்னவென்றால், அதே சக்தி நாம் போடும் தடுப்பூசி மருந்தையும் எதிரி என்று நினைத்து முறியடித்துவிடும். நாள் ஆக ஆக அது குறைந்துகொண்டே வரும். எந்த நாளில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். நடுவே சில நாட்கள், நோயைத் தடுக்கப் போதாத அளவுக்கு அது குறைந்திருக்கும், ஊசி மருந்தைக் கெடுக்கும் அளவுக்கு மட்டும் மிச்சமிருக்கும். இதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயது ஆகும்வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஏதோ ஒரு தவணையில் அது நிச்சயம் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு.

உங்கள் குட்டி அந்த நடுநாட்களில் மாட்டிக்கொண்டது. ஊசி போட்டும் இறந்ததே என்று நீங்கள் குமைகிறீர்கள். போட வேண்டிய நேரத்தில் முதல் ஊசியைப் போட்டிருக்கிறீர்கள், வாந்தி வந்ததும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்தீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: 40 நாளில் தாயிடமிருந்து பிரித்தது சீக்கிரம், 8 வாரமாவது தாயோடு இருந்திருக்க வேண்டும். இது இனிமேலுக்காக. இதையும் உங்கள் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

நாய்களைத் தாக்கும் இந்தப் பார்வோ வைரஸை முதன்முதலில் அடையாளம் கண்டது 1978 வாக்கில். இரண்டே ஆண்டுகளில் அது உலகின் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. காரணம் அதன் முரட்டுத்தனம். சாதாரண சோப்பு, தரை துடைக்கும் திரவங்கள் பெரும்பாலானவற்றுக்கு அது அசைந்துகொடுக்காது. செருப்பில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். வீட்டுக்குள் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். நிழலும் ஈரமுமான மண்ணில் ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, ஏற்கெனவே கழுவிய தரையில் ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டால் சாகும். ஆனால் மண்ணையும் புல்லையும் மெத்தையையும் அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. உங்கள் குட்டி கீழே பொது முற்றத்து மண்ணில்தான் நடந்திருக்கிறது என்கிறீர்கள்.

ஆகவே குட்டியா, பெரிய நாயா என்ற கேள்விக்கு உங்கள் வீட்டைப் பொறுத்தவரை விடை தெளிவாகவே இருக்கிறது. ஊசித் தவணைகள் முடியாத குட்டி எதுவும் இப்போதைக்கு அந்த வீட்டுக்கு வரக்கூடாது. பார்வோ தடுப்பூசி முறையாகப் போட்டு, கடைசித் தவணை முடிந்து இரண்டு வாரமாவது ஆன வளர்ந்த நாய்க்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. இந்தக் காரணத்தை அறியாமலேயே காப்பகத்து ஊழியர் உங்களுக்குப் பொருத்தமான நாயைத்தான் காட்டியிருக்கிறார்.

மனம் ஆறுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புது நாய்க்கு உங்கள் பழைய குட்டியைத் தெரியாது. அது பயந்து வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும், உங்களைக் கண்டு ஒதுங்கும், மகன் ஆசையாகக் கூப்பிட்டால் வராது. நீங்களோ, பட்ட வேதனைக்கு ஆறுதலை அதன் முகத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். அது கிடைக்காத நாளில் அதன்மேல் வருத்தம் வரும். குட்டிக்காக அழ வேண்டியது மிச்சமிருந்தால் மகனோடு உட்கார்ந்து அழுதுவிடுங்கள். அவனிடம் இதுவரை அதைப் பற்றிப் பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை.

9 மணியிலிருந்து 3 மணிவரை

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். நாய்க்கு ஒரு நோயும் இல்லை. காப்பகத்துக்குத் திருப்பி அனுப்ப உடல்நலச் சான்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். பிள்ளைகளுக்காக யாரிடமும் சொல்லாமல் வாங்கி வந்தார்களாம். மூன்றாம் நாள் மதியம் மகள் அவசரமாக வீட்டுக்கு வந்து பார்த்தபோது, பாட்டி கட்டிலின்மேல் இரண்டு காலையும் தூக்கி மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் மேசைமேல் வைத்துவிட்டுப் போன தண்ணீர் அப்படியே இருந்தது. நாய் அறை வாசலில் தலையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. அது அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவர் ஆறு மணி நேரமாகக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பாட்டியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

உங்கள் மாமியாரின் பயத்தைப் பழகினால் போய்விடும் சின்ன விஷயம் என்று எண்ணாதீர்கள். 71 வயதில் காலுக்குள் நாய் புகுந்து தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அவர் சாப்பிடும் மாத்திரையால் சின்ன நகக்கீறல்கூட நீண்ட நேரம் ரத்தம் வடியும். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் இன்றே அவரிடம் சொல்லுங்கள். முடிவாகிவிட்டது என்று அறிவிக்காதீர்கள், அவர் கருத்தைக் கேளுங்கள். "வேண்டாம்" என்று சொன்னால் அதை வீடு ஏற்றுக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் அவர் சொல்லும் "சரி"க்குப் பொருள் உண்டு.

சரி என்றால் அடுத்த முறை அவரையும் காப்பகத்துக்குக் கூட்டிப்போங்கள். நாயைத் தொட வேண்டியதில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால் போதும். அவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதைத் துல்லியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "வெளியே கூட்டிப்போக மாட்டேன், சாப்பாடு வைக்க மாட்டேன், ஒரே வீட்டில் இருந்தால் பரவாயில்லை" என்று அவர் சொன்னால் அது நல்ல பதில், அதை வைத்து ஏற்பாடு செய்யலாம். குழந்தைகளுக்காகப் போடும் தடுப்புக் கதவு ஒன்றைப் பொருத்தி, பகலில் நாய்க்கு ஒரு பகுதி, அவருக்கு ஒரு பகுதி என்று பிரியுங்கள். அவர் நடக்கும் வழியில் படுக்கையோ பொம்மையோ கிடக்கக்கூடாது. மதியம் ஒருமுறை நாயை வெளியே கூட்டிப்போக நம்பகமான ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பது நாய் வருவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மாமியாரின் மாத்திரைப் பெட்டி நாய்க்கு எட்டாத உயரத்தில், மூடியோடு இருக்கட்டும். மனிதர்களின் வலி மாத்திரைகளும் ரத்த அழுத்த மாத்திரைகளும் ஒன்றிரண்டு கீழே விழுந்தாலே சிறிய நாய்க்கு ஆபத்து.

அவர் வேண்டாம் என்றுவிட்டால் காத்திருங்கள். நாய் வேண்டும் என்ற ஆசை ஓராண்டு பொறுக்கும். விடுமுறை நாட்களில் மகனோடு காப்பகத்துக்குப் போய் நாய்களை நடைக்குக் கூட்டிப்போக உதவலாம். பல காப்பகங்கள் இதற்கு ஆள் கிடைக்காமல்தான் திண்டாடுகின்றன.

பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும் நாய்

அது குரைக்கவில்லை, அதனால் சாதுவான நாய் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் காப்பகத்தில் அமைதியாக இருக்கும் நாய்கள் இரண்டு வகை. ஒன்று நிம்மதியாக இருப்பது, மற்றொன்று பயத்தில் உறைந்துபோனது. நிம்மதியாக இருக்கும் நாய் கால்களைத் தளர்த்திப் படுத்திருக்கும், நீங்கள் போனால் தலையைத் திருப்பிப் பார்க்கும், கொடுத்ததை வாங்கித் தின்னும். உறைந்துபோன நாய் வாலை வயிற்றுக்கடியில் இடுக்கி, காதுகளைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டு, ருசியான துண்டை மூக்கருகே வைத்தாலும் தொடாது.

அடுத்த முறை போகும்போது கூண்டின் முன் நின்று கூப்பிடாதீர்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். அதன் கண்ணைப் பார்க்காமல், கையை நீட்டாமல், 20 நிமிடம் பேசாமல் இருங்கள். சிறு தின்பண்டத் துண்டுகளை உங்கள் பக்கமாகப் போட்டுவையுங்கள். முதல் நாள் அது நகராமல் போகலாம். மூன்றாம் முறை போகும்போது ஓரடி முன்னால் வந்தால் அது உங்களுக்குக் கிடைக்கும் நல்ல சேதி. மூன்று முறை போயும் எந்த மாற்றமும் இல்லை என்றால், 4 வயதுக் குழந்தையும் பயந்த பெரியவரும் உள்ள வீட்டுக்கு அது ஏற்ற நாய்தானா என்று காப்பகத்தாரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். 3 முதல் 14 வார வயதுக்குள்தான் நாய்க்குட்டி மனிதர்களையும் சத்தங்களையும் புது இடங்களையும் இயல்பாக ஏற்கக் கற்கிறது. அந்தக் காலத்தில் மனித முகமே பார்க்காமல் வளர்ந்த நாய்க்குச் சில பயங்கள் அன்பால் குறையும், ஆனால் முழுதாகப் போகாது. இதை அறிந்தே நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

வளர்ந்த நாய் நம்மோடு ஒட்டாது என்ற உங்கள் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை. எந்த வயதிலும் நாய் புது மனிதரோடு பிணைப்பு கொள்ளும். 5 வயது நாயின் உருவம், குணம், உடல்நலம் மூன்றும் இப்போதே கண்ணுக்குத் தெரிகின்றன. குட்டியிடம் இவையெல்லாம் ஊகம்தான். நாய்கள் பொதுவாக 10 முதல் 13 ஆண்டுகள் வாழும் என்பதால் இன்னும் பல ஆண்டு உங்களோடு இருக்கும். இன்னொன்று: இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போக வேண்டும், பல் முளைக்கும் காலத்தில் எல்லோர் காலையும் கடிக்கும். அதைப் பகல் முழுக்க உங்கள் மாமியார் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மகளின் மூச்சிரைப்பு விஷயத்தில் முடியின் நீளம் பெரிய காரணமில்லை. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும், உதிரும் தோல் துகளிலும், சிறுநீரிலும் இருக்கின்றன. ஒவ்வாமையே தராத இனம் என்று எதுவும் இல்லை. குட்டி இருந்தபோது மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். அது சில வாரம்தான் இருந்தது, ஒவ்வாமை மெல்ல உருவாகவும் கூடும். தத்தெடுப்பதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் பேசிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மகளையும் காப்பகத்துக்கு இரண்டு மூன்று முறை கூட்டிப்போய் அந்த நாயோடு ஒரு மணி நேரம் இருக்கவைத்துப் பாருங்கள். நாய் வந்த பிறகும் மகள் தூங்கும் அறைக்குள் அது நுழையக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டால் வருந்தப்போவது நாயும்தான், ஏனென்றால் திருப்பி அனுப்பப்படுவது அது.

மகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். சிறு குழந்தைகளைக் கடிப்பது பல நேரம் அவர்களுக்குத் தெரிந்த நாயே. நாம் அன்பு என்று நினைத்துச் செய்வது நாய்க்கு அச்சுறுத்தலாக இருக்கும்: கட்டிப்பிடிப்பது, முகத்தோடு முகம் வைப்பது, தூங்கும்போது எழுப்புவது. கடிப்பதற்கு முன் நாய் பலமுறை சொல்லும். தலையைத் திருப்பிக்கொள்ளும். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். உதட்டை நக்கும். கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். அசையாமல் விறைக்கும். அதன் பிறகுதான் உறுமும். உறுமினால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. நாய் தானாக அருகில் வந்தால் கழுத்தின் பக்கவாட்டில் மூன்று முறை தடவு, பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொள். நாய் தலையால் உன் கையை முட்டினால் இன்னும் மூன்று முறை தடவலாம். நகர்ந்து போனால் அது போதும் என்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்குக்கூட இது புரியும், விளையாட்டுபோல் எண்ணி எண்ணிச் செய்வார்கள். ஆனாலும் மகளையும் நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். இதை மாமியாரின் பொறுப்பிலும் விடாதீர்கள். பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை; அதற்கு முன் தடுப்பது எளிது.

அவர்கள் கேட்டதும் நீங்கள் கேட்க வேண்டியதும்

காப்பகத்தார் கேட்ட கேள்விகள் உங்களைச் சுட்டிருக்கின்றன. குட்டி இறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அதைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதே காப்பகத்துக்குத் திரும்பி வந்த நாய்களை அவர்கள்தான் பார்க்கிறார்கள். முதல்முறை வந்தபோது வாலாட்டிய நாய், இரண்டாம் முறை திரும்பி வந்தபின் சாப்பிடாமல் கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

பார்வோவை மறைக்காதீர்கள். நீங்கள் மறைத்தால், உண்மை தெரியாமல் ஊசித் தவணை முடியாத நாயை அவர்கள் உங்களுக்குக் கொடுத்துவிடக்கூடும். என்ன நடந்தது, எப்போது நடந்தது, எந்த மருத்துவரிடம் போனீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். நல்ல காப்பகம் அதைக் கேட்டு உங்களை ஒதுக்காது, பாதுகாப்பான நாயைத் தேட உதவும்.

கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. இவற்றைத் தயங்காமல் கேளுங்கள்:

இந்த நாய் எப்படி இங்கே வந்தது? யாரையாவது கடித்திருக்கிறதா, என்ன சூழ்நிலையில்? குழந்தைகளோடு இருந்து பார்த்திருக்கிறார்களா? முன்பே ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பியதா?

தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை சிகிச்சை மூன்றுக்கும் தேதியோடு பதிவு இருக்கிறதா? "எல்லாம் போட்டாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கான ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். தொற்று ஏற்பட்டு ஏறக்குறைய 6 மாதம் ஆனால்தான் அந்தப் பரிசோதனையில் தெரியும்; எனவே இப்போது இல்லை என்று வந்தாலும் 6 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? வீட்டுக்கு எடுத்துப்போய் ஒருநாள் வைத்து வரிவரியாகப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் தங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பல காப்பகங்களில் உண்டு. அது நாயின் நன்மைக்கானது. உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு.

உங்கள் கணவர் சொன்னதும் இங்கேதான் வருகிறது. திருப்பிக் கொடுப்பது பாவமில்லை. மகளுக்கு மூச்சுத் திணறலோ, வீட்டில் யாருக்காவது அந்த நாயால் பெரிய ஆபத்தோ வந்தால் திருப்பிக் கொடுப்பதே சரி. ஆனால் "பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்கினால் இரண்டாம் வாரம் சோபா கிழிந்ததும் அந்தப் பேச்சு எழும். எந்தெந்தக் காரணத்துக்கு மட்டும் திருப்பிக் கொடுப்போம் என்று நீங்கள் இருவரும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில காப்பகங்கள் இரண்டு மூன்று வாரம் தற்காலிகமாக வளர்த்துப் பார்த்தபின் முடிவெடுக்கவும் அனுமதிக்கும். இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் வழி அதுதான்.

வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நாயைத் திருப்பி அனுப்பும் காரணங்களில் இதை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன்.

வந்த பிறகு

பிறந்தநாளன்று கொண்டுவராதீர்கள். விருந்தாளிகள், பாட்டு, பலூன், கதவு திறந்து மூடும் சத்தம் எல்லாம் சேர்ந்து புது நாய்க்கு நரகமாகிவிடும். விடுப்பு எடுத்த ஒரு சாதாரண நாளின் காலை நேரம்தான் நல்லது. மகனுக்குப் பிறந்தநாள் பரிசாகப் புதுக் கழுத்துப்பட்டையைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கொடுங்கள்.

புது நாய்கள் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். பயந்த நாய் பின்னால் இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு போய்விடும், அது அரை நொடி வேலை. மார்போடு சேர்த்துப் போடும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு என்று முதல் மாதம் முழுக்க இருங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் அளவு சரி. தொலைபேசி எண் பொறித்த வில்லையும் தொங்க வேண்டும். மைக்ரோசிப் நாய் இருக்கும் இடத்தைக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தோலுக்கடியில் வைக்கும் அரிசி அளவுச் சில்லு, அதில் இருப்பது ஒரு எண் மட்டுமே. யாராவது நாயைப் பிடித்துக் கருவியால் படித்தால்தான் தெரியும், அந்த எண் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால்தான் பயன்.

3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் 3 நாள் திகைப்பு, 3 வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், 3 மாதத்தில் தன் வீடு என்ற உணர்வு வரும். இது ஏறக்குறையான கணக்குதான், சில நாய்களுக்கு இரட்டிப்பாகும். முதல் ஓரிரு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பதும் வயிறு கொஞ்சம் இளகுவதும் இயல்பு. காப்பகத்தில் கொடுத்த அதே உணவை வாங்கி வைத்து, 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிடால் என்ற இனிப்பு சேர்த்த மிட்டாய் எதுவும் அதன் வாய்க்குப் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். தொடர்ந்து வாந்தி, ரத்தம் கலந்த மலம், ஒருநாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது, ஈறு வெளுத்துப்போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை பட்டவர், சின்னத் தும்மலுக்கும் பதறுவீர்கள். பதறினால் பரவாயில்லை, தொலைபேசியில் கேளுங்கள். எந்த நல்ல கால்நடை மருத்துவரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

விடுப்பில் இருக்கும் நாட்களிலேயே தனிமையைப் பழக்க வேண்டும். நாள் முழுக்க நாயோடு இருந்துவிட்டு எட்டாம் நாள் காலையில் எல்லோரும் கிளம்பினால் அதற்கு உலகம் இடிந்த மாதிரி. முதல் நாள் 2 நிமிடம், பிறகு 5, பிறகு 15 என்று போய் வாருங்கள். போகும்போதும் வரும்போதும் பெரிதாகக் கொஞ்சாதீர்கள்.

கடைசியாக, அலமாரியில் இருக்கும் அந்த மூன்று பொருள்கள். கிண்ணம் உலோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளீச் தண்ணீரில் ஊறவைத்து நன்றாக அலசினால் பயன்படுத்தலாம். படுக்கையை ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்திவிடுங்கள். கழுத்துப்பட்டையைக் காற்றுப்புகாத உறையில் போட்டு, குட்டியின் நினைவாக மகனிடம் கொடுங்கள். அது அவனுடையது, புது நாய்க்குப் போட வேண்டாம்.

புது நாய்க்கு என்று ஒரு பொருள் காப்பகத்திலேயே இருக்கிறது. அது இவ்வளவு நாள் எந்தத் துணியின்மேல் படுத்திருந்ததோ அதைக் கேட்டு வாங்கி வாருங்கள். அழுக்காகத்தான் இருக்கும், நாறும். மாமியார் நடக்கும் வழிக்குத் தள்ளி, வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் அதை விரித்துப் போடுங்கள். முதல் இரண்டு வாரம் அந்தத் துணியைத் துவைக்காதீர்கள்.